கூத்தனும் கூத்தியும்

உருது நாவலான ‘உம்ராவ் ஜான் அதா’ பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கட்டுரையொன்றைத் தமிழில் தருமாறு நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். ‘கோர்ட்டிஸன்’ என்ற சொல் அதில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அகராதியைப் புரட்டினால் பரத்தை, கணிகை, தாசி, வேசி, விலைமகள் என்று ஒரு வரிசை கிடைக்கிறது. இவை ஐந்தும் ஒன்றல்ல என்பது தமிழ் தெரிந்த எவருக்கும் தெரியும். ஆனாலும் நம்மவர் செய்கின்ற மொழிபெயர்ப்புகள் பலவற்றில் இந்த வேறுபாடுகளெல்லாம் துடைக்கப்பட்டு, ‘விலைமாது’ என்ற ஒரே சொல் எல்லாவற்றுக்கும் விடையாகி விடுகிறது. அரசவையில் கவிதை பாடியவளும் அவள்தான், கோயிலில் விளக்கெடுத்தவளும் அவள்தான், தெருவோரத்தில் நின்றவளும் அவள்தான்.

இது மொழிபெயர்ப்பாளர்களின் சில்லறைத் தவறு என்று விட்டுவிடலாம். ஆனால் மஸ்கெலியா, ஹட்டன் பகுதிப் பாடசாலைகளில் நீண்ட காலம் தமிழ் கற்பித்தவன் என்ற வகையில் இந்தச் சொற்கள் எனக்கு அகராதியில் மட்டும் அறிமுகமானவை அல்ல. லயத்துப் பீலியடியில், கொழுந்து மலையில், சம்பள நாளின் இரவுச் சண்டையில் நாளாந்தம் கேட்டவை. அரசவையையே கண்டிராத, கோயிலில் ஆடியிராத, விடியற்காலையில் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறுகின்ற ஒரு பெண்ணின் மேல் இந்தச் சொற்கள் எறியப்படுகின்றன. அரண்மனைச் சொல் எப்படி லயத்துக்கு வந்தது? வரும் வழியில் அது எதையெல்லாம் இழந்தது? நமது எழுத்தாளர்கள் அதை எப்படிக் கையாளுகிறார்கள்? இவை மூன்றுமே இக்கட்டுரையின் கேள்விகள்.

*

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். ‘கோர்ட்’ என்றால் அரசவை. அவையில் இருக்கும் ஆண் இத்தாலிய மொழியில் ‘கோர்த்திஜானோ’. அவையில் இருக்கும் பெண் ‘கோர்த்திஜானா’. இந்தப் பெண்பாற் சொல்தான் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து கோர்ட்டிஸன் ஆயிற்று. காஸ்டிக்லியோனே என்ற இத்தாலியர் 1528இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலின் பெயர் அந்த ஆண்பாற் சொல்தான். பண்பும் கல்வியும் வீரமும் உள்ள கனவான் எப்படி இருக்க வேண்டும் என்று அது பேசுகிறது. ஆண்பாற் சொல் கனவானாக நின்றது. பெண்பாற் சொல் படுக்கைக்குச் சென்றது.

இது ஐரோப்பாவுக்கு மட்டும் உரிய சங்கதி அல்ல. அரபியில் ‘கைன்’ என்றால் கொல்லன், கைவினைஞன். அதன் பெண்பால் ‘கைனா’. பாட்டும் கவிதையும் பயிற்றுவிக்கப்பட்டு விற்கப்பட்ட அடிமைப் பெண்ணை அது குறித்தது. அப்பாஸியர் கால பக்தாதில் இவர்களது செல்வாக்கு எவ்வளவு பெரிதென்றால், ஒன்பதாம் நூற்றாண்டின் பேரறிஞர் அல்ஜாஹிழ் இவர்களைப் பற்றித் தனியாகவே ஒரு நிருபம் எழுதினார். அபுல் ஃபரஜ் அல் இஸ்ஃபஹானியின் ‘கிதாபுல் அகானி’யில் இனான், அரீப் போன்ற பெண்கள் கவிஞர்களாகவும் இசை மேதைகளாகவும் வருகிறார்கள். அரபு இலக்கிய வரலாற்றை எழுதும் எவரும் இவர்களைத் தாண்டிச் செல்ல முடியாது.

நம் மொழிக்கு வருவோம். தாசன் என்றால் தொண்டன். பிள்ளைக்குப் பெயராக வைக்கிறோம், கவிஞர்கள் புனைபெயராகச் சூடிக்கொள்கிறார்கள். தாசி? அடியார் என்றால் கைகூப்புகிறோம். தேவருக்கு அடியாளான பெண், தேவரடியாள், வாயில் தேய்ந்து தேய்ந்து தமிழின் மிக மோசமான வசையாகி விட்டாள். கூத்தன் என்பது இறைவனின் பெயர். ஒட்டக்கூத்தர் சோழர் அவைக்களப் புலவர். கூத்தி என்றால் ஆடுகின்ற பெண் என்பதற்கு மேல் அச்சொல்லில் ஆதியில் எதுவும் இல்லை. இன்று அதன் பொருள் வேறு. ஆணுக்குத் தொழிலைச் சொன்ன அதே சொல் பெண்ணுக்கு வரும்போது அவளது உடம்பைச் சொல்லத் தொடங்கி விடுகிறது. ஒரு மொழியில் ஒரு முறை நடந்தால் தற்செயல் எனலாம். மூன்று மொழிகளில் இத்தனை சோடிகள் இருக்கும்போது அப்படிச் சொல்ல இயலாது.

இன்னொரு சோடி நம் வாசகர்களுக்கு விசேஷமானது. லக்னோ நகரத்து ஆடல் பாடல் மகளிரை உருதுவில் ‘தவாயிஃப்’ என்பார்கள். அது அரபி ‘தாயிஃபா’ என்பதன் பன்மை. தாயிஃபா என்றால் கூட்டம், குழு. குர்ஆனில் பல இடங்களில் ஒரு சாராரைக் குறிக்க இச்சொல் வருவதை ஓதத் தெரிந்த பிள்ளைகளும் அறிவர். சுற்றி வருதலைக் குறிக்கும் ‘தவாஃப்’ என்பதும் இதே வேரிலிருந்து கிளைத்ததே. வட இந்தியாவில் ஆடல் பாடல் குழுக்களைக் குறித்த பன்மை, நாளடைவில் ஒருத்தியைக் குறிக்கும் ஒருமையாயிற்று. இப்போது ‘கணிகை’யை எடுத்துக்கொள்ளுங்கள். அது வடமொழி, ‘கணம்’ என்பதிலிருந்து வந்தது. கணம் என்றாலும் கூட்டம், குழுதான். அரபி வழி வந்த சொல்லும் வடமொழி வழி வந்த சொல்லும் ஒரே இடத்தைத் தொடுகின்றன. இரண்டும் முதலில் சொன்னது இவள் ஒரு குழுவைச் சேர்ந்தவள், அதற்கென்று கல்வியும் ஒழுங்கும் உண்டு என்பதைத்தான். ஆகவே தவாயிஃப் என்பதற்குத் தமிழ் தேடுபவர் விலைமாதிடம் போக வேண்டியதில்லை. கணிகை அருகிலேயே இருக்கிறாள்.

*

மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே நிற்கும் மலையைச் சிங்களவர் ஸ்ரீ பாத என்பர், இந்துக்கள் சிவனொளிபாதம் என்பர், நாம் பாவாத மலை என்போம். இந்த மலைக்கும் நான் பேசும் பொருளுக்கும் இலக்கியத்தில் இரண்டு தொடர்புகள் உண்டு.

முதலாவது ‘மணிமேகலை’. கணிகை மாதவியின் மகள் மணிமேகலை, மணிபல்லவத் தீவில் தீவதிலகையைச் சந்திக்கிறாள். பக்கத்திலுள்ள இரத்தின தீவத்துச் சமந்த மலையையும் அதன் உச்சியிலுள்ள புத்தரின் அடிச்சுவட்டையும் பற்றித் தீவதிலகை அவளுக்குச் சொல்கிறாள். சமந்த மலை நமது பாவாத மலையே. தமிழின் பழங்காப்பியம் ஒன்றில் இந்த மலையின் பெயரைக் கேட்பவள் ஒரு கணிகையின் மகள் என்பதை நம் விமர்சகர்கள் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. ஊரில் பாட்டி சித்திராபதிக்கும் அரசகுமாரன் உதயகுமாரனுக்கும் அவள் பிறப்பின் பெயரைத் தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை. காப்பியமோ அந்தப் பெயரிலிருந்து அவளை விடுவித்து, பசித்தவருக்குச் சோறிடும் பாத்திரத்தைக் கையில் கொடுக்கிறது.

இரண்டாவது இப்னு பதூதா. 1344இல் புத்தளக் கரையோரம் இறங்கிய அவர், ஆரியச் சக்கரவர்த்தியிடம் கேட்டது ஆதம் நபியின் பாதம் காணும் வசதி ஒன்றைத்தான். மன்னன் பல்லக்கும் யோகிகளும் பிராமணரும் சுமைகாவுவோரும் கொடுத்து அனுப்பினான். வழியில் அட்டைக் கடியையும் அதற்கு எலுமிச்சம் பழம் பிழிவதையும் அவர் எழுதியிருப்பதை வாசிக்கும் எந்த மலையகத்தானும் சிரிப்பான். அட்டை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. மலைக்கு இரண்டு பாதைகள் என்கிறார். ஒன்று பாபாவின் பாதை, அதாவது ஆதமுடையது. மற்றது மாமாவின் பாதை, ஹவ்வாவுடையது. ஹவ்வாவின் பாதை இலகுவானது, திரும்பி வருவோர் அதனால் இறங்குவர். அதனால் ஏறியவனை மலை தரிசித்தவனாகவே கொள்ளமாட்டார்களாம். பாதைக்குப் பெண் பெயர் வைத்தாலே மதிப்புக் குறைந்து விடுகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

மலையிறங்கித் தெற்கே சென்றவர் தீனவர் நகரை அடைகிறார். இன்றைய தெவிநுவர. அங்கிருந்த பெருங்கோயிலில் ஆயிரம் பேரளவில் பிராமணரும் யோகிகளும், ஐந்நூறு பேரளவில் பெண்களும் இருந்ததாகவும், அப்பெண்கள் இரவு தோறும் சிலையின் முன் பாடி ஆடியதாகவும் பதிவு செய்கிறார். 1588இல் போர்த்துக்கேயர் அக்கோயிலை அழித்தனர். அந்த ஐந்நூறு பெண்களுக்கு நம் இலக்கியத்தில் எஞ்சியிருப்பது ஒரு மொரோக்கோ முஸ்லிம் பயணியின் சில வரிகள்.

அந்த வரிகளில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இப்னு பதூதா ஒரு காழி. சிலை வணக்கத்தில் அவருக்கு உடன்பாடில்லை, அதை மறைக்கவுமில்லை. இருந்தும் அப்பெண்களைப் பற்றிச் சொல்லும்போது யாருடைய மகள்மார், என்ன செய்கிறார்கள் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார். இழிபெயர் சூட்டவில்லை. தௌலதாபாதில் பாடகர்களுக்கென்று இருந்த ‘தரபாபாத்’ என்ற கடைவீதியை வருணிக்கும்போதும் இப்படித்தான். அங்கே பள்ளிவாசல்கள் இருந்ததையும் ரமழானில் இமாம்கள் தராவீஹ் தொழுவித்ததையும் பாடும் பெண்களைப் பற்றிய பத்தியிலேயே சொல்கிறார். அவரைப் பெரிய சீர்திருத்தவாதியாக்க நான் முனையவில்லை. அடிமைப் பெண்களை விலைக்கு வாங்கியதைச் சாதாரணமாக எழுதிச் செல்பவரும் அவர்தான். கண்டதைக் கண்டபடி சொல்லும் பழக்கம் அவரிடம் இருந்தது என்பதே என் வாதம். அந்தப் பழக்கம் எழுத்தாளனுக்குப் போதுமானது.

*

சொல் விழுந்தது எப்போது? பெண்ணின் பொருளாதாரம் விழுந்தபோது என்பது என் விடை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் குடியமர்த்திய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் ஊர் விபரத்தோடு கல்லில் வெட்டப்பட்டுள்ளன. ஒவ்வொருத்திக்கும் வீடும், ஆண்டுக்கு நூறு கலம் நெல் தரும் பங்கும் உண்டு. லக்னோவில் 1858 முதல் 1877 வரையிலான நகர வரிப் பதிவேடுகளை ஆராய்ந்த வீணா தல்வார் ஓல்டன்பர்க், மிக உயர்ந்த வரி செலுத்தியோர் பட்டியலில் தவாயிஃப்கள் இருந்ததைக் காட்டியுள்ளார். 1857 கிளர்ச்சிக்குத் துணைபோனதாக அவர்களது சொத்துகள் பறிக்கப்பட்டன. 1868இன் தொற்றுநோய்ச் சட்டம் வந்தபோது கவிதை எழுதியவளும் கன்டோன்மெண்டு வாசலில் நின்றவளும் ஒரே பதிவேட்டில், ஒரே மருத்துவப் பரிசோதனை வரிசையில் நிறுத்தப்பட்டனர். நம் மொழிபெயர்ப்பாளர் இன்று ‘விலைமாது’ என்று எழுதும்போது, தெரிந்தோ தெரியாமலோ அந்த வெள்ளைக்கார எழுதுவினைஞரின் பதிவேட்டையே பிரதி செய்கிறார்.

விமர்சகர்களும் இதில் சுத்தவாளிகள் அல்லர். பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய அவையைச் சேர்ந்த முத்துப்பழனி தெலுங்கில் ‘ராதிகா சாந்தவனம்’ இயற்றினார். சீர்திருத்தவாதியாகக் கொண்டாடப்படும் கந்துகூரி வீரேசலிங்கம் அதனை ஒரு பெண் வாயில் வரத்தகாதது என்று ஒதுக்கினார். அதே மரபில் பிறந்த பெங்களூர் நாகரத்தினம்மா 1910இல் நூலை முழுமையாகப் பதிப்பித்து, நாணம் பெண்ணுக்கு மட்டுமா, ஆண் கவிகள் எழுதினால் குற்றமில்லையா என்ற பொருளில் வாதிட்டார். ஆங்கில அரசு நூலைத் தடை செய்தது. 1947இல்தான் தடை நீங்கியது. ஒரு கவிஞரை அவரது தொழிற்பெயரைக் கொண்டு தள்ளி வைப்பது எவ்வளவு எளிது என்பதற்கு இது பாடம்.

ஆனால் எதிர்ப்பக்கச் சறுக்கலும் உண்டு. ‘பாகீஸா’, ‘உம்ராவ் ஜான்’ திரைப்படங்களின் பட்டும் சரிகையும் கஸலும் நம்மில் பலரை மயக்கியிருக்கின்றன. மிர்ஸா ஹாதி ருஸ்வா 1899இல் வெளியிட்ட நாவலை மறுபடி வாசிக்க வேண்டும். ஃபைசாபாத்துச் சிறுமி அமீரன், தந்தை மேலுள்ள பகைக்காகக் கடத்தப்பட்டு, லக்னோவில் கானூமிடம் விற்கப்படுகிறாள். அவளுக்குக் கல்வி கிடைத்தது, ‘அதா’ என்ற புனைபெயரில் கவிதையும் வந்தது. விற்கப்பட்டாள் என்பதை அந்தக் கவிதை அழித்து விடாது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் ‘தாசிகள் மோசவலை’ நாவலை எழுதியது இந்த வலியிலிருந்துதான். பெங்களூர் நாகரத்தினம்மா தேவதாசி ஒழிப்பை எதிர்த்தார், இராமாமிர்தம் அம்மையார் அதற்காகவே வாழ்ந்தார். இருவரும் ஒரே மரபின் பெண்கள். சென்னை மாகாணத்தில் 1947இல் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே சதிர் ‘பரதநாட்டியம்’ என்ற புதிய பெயரில் மேடையேறியிருந்தது. கலைக்குப் புதுப்பெயர் கிடைத்தது. அதைக் காத்துத் தந்த பெண்களுக்குப் பழைய பெயர், அதுவும் வசையாக, எஞ்சியது. நுவரெலியாவில் மகளின் அரங்கேற்றத்துக்குக் கடன் வாங்கும் தகப்பன்மாரை நான் அறிவேன். அதே தகப்பன் கோபத்தில் என்ன சொல்லால் ஏசுகிறான் என்பதையும் அறிவேன்.

*

இனித் தோட்டம். மலையகத்தின் பெருமைக்குரிய கலை காமன் கூத்து. மாசியில் கம்பம் நட்டு, ரதியும் மதனும் விரதம் காத்து, விடிய விடிய ஆடுவார்கள். ரதி வேடம் கட்டுபவர் ஆண். அவரை ஊரே மரியாதையோடு பார்க்கிறது, எவரும் கூத்தி என்பதில்லை. ‘கூத்தி’ என்ற சொல் அதே லயத்தில் ஆடவே தெரியாத ஒரு பெண்ணுக்கு என்று வைக்கப்பட்டிருக்கிறது. ஆடும் ஆணுக்குக் கூத்தின் பெருமை, ஆடாத பெண்ணுக்குக் கூத்தின் இழிவு. கலை ஒருபக்கம் போக, சொல் மறுபக்கம் போன கதை வேறெங்கும் இவ்வளவு துலக்கமாக எனக்குத் தென்பட்டதில்லை.

தோட்டத்தில் அரசவை கிடையாது. இருந்தது துரை பங்களா. அங்கு வேலைக்கென்று அழைக்கப்பட்ட பெண்களின் கதை மலையகத்தின் வாய்மொழியில் நிறையவே உண்டு. கங்காணியையும் துரையையும் சாடும் நாட்டார் பாடல்களும் உண்டு. வெள்ளைத் தோட்டத் துரைமாருக்குப் பிறந்து கைவிடப்பட்ட பிள்ளைகளுக்காக நுவரெலியாவில் பெயின்டர் பாதிரியாரின் இல்லம் இயங்கியது. இந்த உறவில் மூன்று பேருக்குப் பெயர் கிடைத்தது. ஆண் எப்போதும் துரை. கப்பலில் வந்த அவன் மனைவி துரைசாணி. லயத்திலிருந்து அழைக்கப்பட்டவள் கூத்தி. மறுத்தால் வேலையும் இருப்பிடமும் ஒருங்கே போய்விடும் என்ற நிலையில், போனவளின் விருப்பம் என்ன என்று அந்தச் சொல் கேட்பதில்லை. ஐரோப்பிய அவையில் இருந்தவளுக்காவது கல்வியும் செல்வமும் வாய்த்தன. பங்களாவுக்குப் போனவளுக்கு வாய்த்தது வசை மட்டுமே. மறுநாளும் அவள் கொழுந்து பறிக்க வேண்டும், அதுவும் ஆணைவிடக் குறைந்த சம்பளத்துக்கு. தோட்டத்தில் ஆண் பெண் சம்பளம் சமமானதே 1984இல்தான்.

நமது சிறுகதைகளைப் பற்றிய என் முறைப்பாடு இங்கேதான். கதாபாத்திரம் ஏசுகிறது என்றால் ஏசட்டும். கங்காணியின் வாயில் பண்டிதத் தமிழை வைப்பது பொய். ஆனால் மேற்கோள் குறி முடிந்த பிறகும் ஆசிரியரின் சொந்தக் குரலில் அதே தீர்ப்புத் தொடர்கிறதே, அதைத்தான் நான் ஏற்கவில்லை. பங்களாவுக்குப் போன பெண் ஒன்றில் பூவும் பவுடருமாக வரும் ‘அப்படிப்பட்டவள்’, அல்லது கடைசிப் பத்தியில் தூக்கு மாட்டிக்கொள்ளும் உத்தமி. நடுவில் ஒரு மனுஷி இருப்பதற்கு இடமே இல்லை. அவள் எத்தனை கிலோ பறித்தாள், தாயிடம் என்ன சொன்னாள், துரை போன பிறகு எந்த லயத்தில் குடியிருந்தாள் என்று கேட்கும் கதைகள் அரிதாகவே என் கண்ணில் படுகின்றன. மார்க்கப் பற்றுள்ள நம் எழுத்தாளர்கள் சிலர், ஒழுக்கத்தைக் காப்பதாக எண்ணி இதனைச் செய்கிறார்கள் என்பதை அறிவேன். ஒழுக்கமுள்ள பெண்கள் மீது அவதூறு சுமத்தி நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவனுக்குக் குர்ஆன் தண்டனை விதித்திருக்கிறது. அதன் பின் அவனது சாட்சியத்தையே ஏற்க வேண்டாம் என்கிறது. ஒழுக்கத்தின் பக்கம் நின்று எழுதுபவருக்கு அந்தக் கட்டளை முதலில் தன் பேனாவுக்குத்தான் பொருந்த வேண்டும்.

*

முடிவாக நடைமுறையில் பயன்படக்கூடிய சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன். கோர்ட்டிஸன், தவாயிஃப் என்று வரும் இடத்தில் கணிகை என்று எழுதலாம். லக்னோவின் மணம் வேண்டுமென்றால் தவாயிஃப் என்றே விட்டு முதல் முறை விளக்கினால் போதும். அரபியின் கைனா வந்தால் ‘பாடும் அடிமைப் பெண்’ என்று எழுதுவோம். அடிமை என்ற சொல்லை அழகுக்காக விட்டுவிடக் கூடாது. கோயிலைச் சேர்ந்தவளைக் கல்வெட்டு அழைத்தது போலவே தேவரடியார் என்று அழைக்கலாம். அந்த ‘ர்’ என்ற மரியாதை விகுதியைத் திருப்பிக் கொடுப்பதற்குச் செலவொன்றுமில்லை.

தோட்டத்துப் பெண்ணுக்கு இந்தச் சொற்களில் எதுவும் வேண்டாம். அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. செக்ரோலில் அந்தப் பெயரைத்தான் எழுதினார்கள். கதையிலும் அதையே எழுதுவோம்.